சி.ஏ. இன்டர்மீடியட்: படிக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் நிலையான ஃபவுண்டேஷனில் தேர்ச்சி பெற்றோ, பட்டப்படிப்பை முடித்து நேரடிச் சேர்க்கை மூலமாகவோ, பட்டயக் கணக்காளர் (சி.ஏ.) படிப்பின் இரண்டாம் நிலையான இன்டர்மீடியட்டுக்கு வரும் மாணவர்கள், எந்தப் பயிற்சி வகுப்பில் சேரலாம் என்று விசாரிப்பதில் பல வாரங்களைச் செலவிடுகிறார்கள். வகுப்பு முடிந்தபின் தனியாக அமர்ந்து என்ன செய்வது, எந்தத் தாளை எந்த முறையில் படிப்பது என்பதற்கு அந்த அக்கறையில் பாதிகூடக் கிடைப்பதில்லை. நல்ல ஆசிரியர் பாடத்தைப் புரியவைப்பார். புரிந்ததை மூன்று மணி நேரத்துக்குள் விடைத்தாளில் இறக்கி வைக்கும் திறனை மாணவர் தாமே வளர்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் திறனை வளர்க்கும் முறைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தேர்வை அளந்து பாருங்கள்

இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், அதாவது ஐ.சி.ஏ.ஐ., 2023 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திய புதிய கல்வித் திட்டத்தில் இன்டர்மீடியட் நிலைக்கு ஆறு தாள்கள் உள்ளன. முதல் குரூப்பில் அட்வான்ஸ்டு அக்கவுண்டிங், கார்ப்பரேட் மற்றும் பிற சட்டங்கள், வரிவிதிப்பு ஆகியவையும், இரண்டாம் குரூப்பில் காஸ்ட் அண்ட் மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங், தணிக்கையும் நெறிமுறைகளும், ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட்டுடன் சேர்ந்த ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மென்ட் ஆகியவையும் வருகின்றன. ஒவ்வொரு தாளும் 100 மதிப்பெண்களுக்கு உரியது. அதில் 30 மதிப்பெண் கொள்குறி வினாக்களுக்கும் 70 மதிப்பெண் விரிவான விடைகளுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்த நிலையில் கொள்குறி வினாக்களுக்குத் தவறான விடை அளித்தால் மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால், எந்தக் கேள்வியையும் விடையளிக்காமல் விட்டுவிட்டு வரக் கூடாது.

தேர்ச்சிக்கு ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 மதிப்பெண்ணும், குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதமும் தேவை. இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் சரியாக மனத்தில் கொள்வதில்லை. மூன்று தாள்களிலும் 45 எடுத்தவருக்கு மொத்தம் 135தான். தேவையான 150 வரவில்லை என்பதால் அவர் தேர்ச்சி பெறவில்லை. ஆகவே பலவீனமான தாளை 40-க்கு மேல் இழுத்துவருவதோடு, பலமான ஒரு தாளை 60-க்கு மேல் கொண்டுசெல்வதும் திட்டத்தில் இருக்க வேண்டும். அந்த 60-க்கு இன்னொரு பயனும் உண்டு. குரூப்பின் எல்லாத் தாள்களையும் எழுதி, குரூப்பில் தேர்ச்சி பெறாமல் போனாலும், 60 அல்லது அதற்கு மேல் எடுத்த தாளுக்கு அடுத்த மூன்று அட்டெம்ப்ட்களுக்கு எக்ஸெம்ப்ஷன், அதாவது அந்தத் தாளை மீண்டும் எழுத வேண்டாம் என்ற விலக்கு, கிடைக்கும்.

ஒரு குரூப்பா, இரண்டுமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

இரண்டு குரூப்பையும் ஒரே அமர்வில் எழுதுபவர்களுக்கு விதிகளில் ஒரு சாதகம் இருக்கிறது. ஆறு தாள்களிலும் தலா 40 எடுத்து, ஆறின் கூட்டுத்தொகை 300-ஐ எட்டினால், ஒரு குரூப்பின் மொத்தம் 150-க்குக் கீழே இருந்தாலும் இரண்டிலும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்படும். முதல் குரூப்பில் 142, இரண்டாவதில் 163 என்று எடுத்தவர் இந்த விதியால் கரையேறிவிடுவார். முதல் குரூப்பை மட்டும் எழுதி 142 எடுத்தவர் மீண்டும் எழுத வேண்டும்.

இதைக் காரணமாகக் காட்டி எல்லோரையும் இரண்டு குரூப்பும் எழுதச் சொல்வது சரியல்ல என்பது என் கருத்து. பி.காம். வகுப்புக்கு முழுநேரமாகச் சென்றுகொண்டு, ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாத மாணவர் ஒரு குரூப்பை எடுத்து அதை மும்முறை திருப்பிப் பார்ப்பது, ஆறு தாள்களை ஒருமுறை அரைகுறையாகக் கடப்பதைவிட நல்லது. 2025 முதல் ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று அமர்வுகள் நடைபெறுவதால், முன்போல ஒரு குரூப்புக்காக ஆறு மாதம் காத்திருக்கும் நிலையும் இல்லை. ஆனால் முழுநேரமும் படிப்புக்கே ஒதுக்கக்கூடியவர்கள் இரண்டையும் சேர்த்து எழுதுவதையே திட்டமிடலாம். புதிய திட்டத்தில் இரண்டு குரூப்பும் முடிந்த பிறகே ஆர்ட்டிகிள்ஷிப் எனப்படும் இரண்டாண்டு நடைமுறைப் பயிற்சி தொடங்குகிறது என்பதால், அவர்களுக்குக் காலம் மிச்சமாகும்.

நூல்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்

கழகத்தின் கல்விப் பிரிவான போர்டு ஆஃப் ஸ்டடீஸ் வெளியிடும் ஸ்டடி மெட்டீரியல், ஒவ்வொரு அமர்வுக்கும் வரும் ஆர்.டி.பி. எனப்படும் ரிவிஷன் டெஸ்ட் பேப்பர், மாதிரித் தேர்வுக்கான மாக் டெஸ்ட் தாள்கள், முந்தைய தேர்வுகளின் மாதிரி விடைகளான சஜெஸ்டட் ஆன்சர்ஸ் ஆகிய நான்கும் கழகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவற்றோடு ஒவ்வொரு தாளுக்கும் ஓர் ஆசிரியரின் குறிப்புகள் இருந்தால் போதும். ஒரே பாடத்துக்கு மூன்று ஆசிரியர்களின் குறிப்புகளை வைத்திருப்பவர், கடைசி நாளில் எதைத் திருப்புவது என்று தெரியாமல் நிற்கிறார். கட்டணம் செலுத்தி வகுப்பில் சேர வசதி இல்லாதவர்கள், போர்டு ஆஃப் ஸ்டடீஸ் நடத்தும் இலவச நேரலை வகுப்புகளை முதன்மையாக வைத்துக்கொண்டே படிக்கலாம்.

வரிவிதிப்புத் தாளில் மட்டும் பழைய நூல் ஆபத்தானது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது; பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, வருமானம் ஈட்டிய முந்தைய ஆண்டு, அதற்கு வரி கணக்கிடும் மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டை ஏற்பாட்டின் இடத்தில் வரி ஆண்டு என்ற ஒன்றே வந்திருக்கிறது. உங்கள் அமர்வுக்கு எந்தச் சட்டம், எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள் பொருந்தும் என்ற கழகத்தின் அறிவிப்பைப் பார்க்காமல் சீனியரின் நூலை வாங்கிவிடாதீர்கள்.

படிப்பதைவிட நினைவிலிருந்து எடுப்பதற்கு அதிக நேரம் கொடுங்கள்

பெரும்பாலான மாணவர்கள் இயல்பாகக் கைக்கொள்ளும் முறை, வகுப்பைக் கேட்பது, நூலை வண்ண மார்க்கரால் கோடிட்டுப் படிப்பது, தேர்வுக்கு முன் கோடிட்டவற்றை மறுபடி படிப்பது என்பதாகும். இந்த முறையில் ஒரு மயக்கம் இருக்கிறது. இரண்டாம் முறை படிக்கும்போது பக்கம் பழகிய முகமாகத் தெரிகிறது. அந்தப் பழக்கத்தை அறிவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. நூலை மூடிவிட்டு அதே பத்தியை வெற்றுத்தாளில் எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் வருவதில்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னிலையில் இருந்தார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், படித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். டன்லோஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டபோது, தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மிகுந்த பயன் தருபவை என்றும், கோடிடுதலும் மறுபடி படித்தலும் குறைந்த பயனே தருபவை என்றும் மதிப்பிட்டார்கள். சி.ஏ. மாணவர் இன்று படிப்பதை நான்கு மாதம் கழித்து எழுதப் போகிறவர். எனவே ஐந்து நிமிட வெற்றி அவருக்கு எதற்கும் உதவாது.

நடைமுறையில் இதைச் செய்வது எளிது. ஒரு பகுதியைப் படித்து முடித்தவுடன் நூலை மூடி, அதன் சாரத்தை நினைவிலிருந்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து விட்டுப்போனவற்றை வேறு நிறத்தில் சேருங்கள். அந்த வேறு நிறத்தில் இருப்பவைதான் அடுத்த முறை நீங்கள் பார்க்க வேண்டியவை. அதே பகுதியை மூன்று நாள் கழித்தும், பத்து நாள் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் இவ்வாறே எழுதிப் பாருங்கள். இந்த நாள்கணக்கு நான் பரிந்துரைக்கும் ஒன்றுதான். உங்கள் கால அட்டவணைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், இடைவெளி மட்டும் படிப்படியாகக் கூட வேண்டும். எழுதும்போது எரிச்சலாக இருக்கும், வராது, நேரம் வீணாவதாகத் தோன்றும். அந்தச் சிரமம் ஏற்படும்போதுதான் நினைவு வலுப்படுகிறது என்பதால், அதைக் கண்டு மார்க்கருக்குத் திரும்பிவிடாதீர்கள்.

பதிவுசெய்த காணொளி வகுப்புகளில் படிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரட்டிப்பு வேகத்தில் ஒரு நாளில் எட்டு மணி நேர வகுப்பைப் பார்த்து முடித்தவருக்குப் பாடத்திட்டத்தில் முன்னேறிவிட்ட உணர்வு வரும், ஆனால் அன்று அவர் ஒரு கணக்கையும் சொந்தமாகப் போட்டிருக்க மாட்டார். ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு மணி நேரச் சொந்தப் பயிற்சி என்பதைத் தொடக்கத்திலும், வகுப்புகள் முடிந்தபின் முழுவதும் பயிற்சி என்பதையும் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

தாளுக்கு ஏற்ற முறை

கணக்குப் போடும் தாள்களையும் எழுதும் தாள்களையும் ஒரே விதமாகப் படிக்கக் கூடாது. அட்வான்ஸ்டு அக்கவுண்டிங்கில், விடையைப் பார்த்துக்கொண்டே கணக்கைப் புரிந்துகொள்வது பயிற்சி ஆகாது. கேள்வியை மட்டும் பார்த்து, பேனாவை எடுத்து, சிக்கிக்கொள்ளும் இடம் வரை சொந்தமாகச் சென்று, அதன்பிறகே தீர்வைப் பார்க்க வேண்டும். கணக்கியல் தரநிலைகளான அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டுகளை (ஏ.எஸ்.) வரிவரியாக மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய எண் உதாரணத்தை இணைத்து வைப்பது உதவும். ஏ.எஸ். 2-இன்படி சரக்கிருப்பை அடக்கவிலை, நிகர ஈடேறு மதிப்பு (விற்பனை விலையில் விற்பனைச் செலவைக் கழித்தது) இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும் என்பதை, 100 ரூபாய் அடக்கம், 110 ரூபாய் விற்பனை விலை, 15 ரூபாய் விற்பனைச் செலவு, ஆகவே 95 என்று நினைவில் வைத்தவர் தேர்வில் தடுமாற மாட்டார். இடைக்கணக்கீடுகளைக் காட்டும் வொர்க்கிங் நோட்ஸை விடையின் பகுதியாகவே தெளிவாக எழுதிப் பழகுங்கள். இறுதி எண் தவறினாலும் சரியான படிகளுக்கு மதிப்பெண் உண்டு.

காஸ்டிங்கிலும் ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட்டிலும் மாணவர்கள் தடுமாறும் இடம் வேறு. அத்தியாயம் அத்தியாயமாகப் பயிற்சி செய்யும்போது, மார்ஜினல் காஸ்டிங் என்ற தலைப்பே எந்தச் சூத்திரத்தைப் போட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. கேள்வியைப் படித்து அது எந்த வகை என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. எனவே ஓர் அத்தியாயத்தில் அடிப்படைப் பயிற்சி முடிந்ததும், நான்கைந்து அத்தியாயங்களின் கேள்விகளைக் கலந்து எடுத்துப் போடுங்கள். தொடக்கத்தில் தவறுகள் கூடும், வேகமும் குறையும். ஆனால் வகையை அடையாளம் காணும் கண் இப்படித்தான் வரும்.

சட்டத் தாளில் விடையின் கட்டமைப்புக்கே பெரும் பங்கு இருக்கிறது. சட்டத்தின் விதி, கொடுக்கப்பட்ட சூழலுக்கு அது பொருந்தும் விதம், முடிவு என்ற மூன்று பகுதிகளாக எழுதப் பழக வேண்டும். ஒரு பொது நிறுவனத்தில் 1,200 உறுப்பினர்கள் இருக்கிறார்கள், பொதுக்கூட்டத்துக்கு 12 உறுப்பினர்கள் நேரிலும் 6 பேர் வராத உறுப்பினர்களின் பதிலாளாக, அதாவது ப்ராக்ஸியாகவும் வந்திருக்கிறார்கள், கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையான கோரம் இருக்கிறதா என்று கேள்வி வந்தால், 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 103-ஆம் பிரிவை முதலில் எழுத வேண்டும். உறுப்பினர் எண்ணிக்கை 1,000 வரை 5 பேர், 1,000-க்கு மேல் 5,000 வரை 15 பேர், அதற்கு மேல் 30 பேர் நேரில் இருக்க வேண்டும், நிறுவனத்தின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸ் இதைவிட அதிகம் கேட்டால் அதுவே பொருந்தும் என்பது விதி. நேரில் வந்த உறுப்பினர்களே கணக்கில் வருவார்கள், ப்ராக்ஸிகள் வரமாட்டார்கள் என்பது பொருத்தம். 15-க்கு 12 பேரே இருப்பதால் கோரம் இல்லை என்பது முடிவு. பிரிவு எண் உறுதியாக நினைவில் இல்லையெனில் சட்டத்தின் பெயரை மட்டும் சொல்லி விதியை எழுதுங்கள். தவறான எண்ணை எழுதுவதைவிட அது பாதுகாப்பானது.

தணிக்கைத் தாளை மனப்பாடத் தாள் என்று ஒதுக்குவது பரவலான பழக்கம். எஸ்.ஏ. எனப்படும் தணிக்கைத் தரநிலைகளின் எண்களை அட்டவணையாக உருப்போடும் முன், ஒவ்வொரு தரநிலையும் எந்தச் சிக்கலுக்காக இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடனாளிக்கு அனுப்பிய உறுதிப்படுத்தல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றால் தணிக்கையாளர் என்ன செய்வார்? எஸ்.ஏ. 505 மாற்றுத் தணிக்கை நடைமுறைகளைக் கேட்கிறது. கணக்காண்டு முடிந்த தேதிக்குப் பின் வந்த வசூல், டெலிவரி சலான், இன்வாய்ஸ் ஆகியவற்றைப் பார்க்கலாம். இப்படி ஒரு கேள்வியும் ஒரு செயலுமாக வைத்துக்கொண்டால் எண் தானாக ஒட்டிக்கொள்ளும். ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மென்ட்டுக்கு இவ்வளவு உழைப்பு வேண்டாம். தலைப்புகளை நினைவிலிருந்து வரிசையாக எழுதும் பயிற்சியைத் தினமும் அரை மணி நேரம் செய்தாலே போதும். ஆனால் அது 50 மதிப்பெண் பகுதி என்பதால் கடைசி இரவுக்குத் தள்ளிவிடக் கூடாது.

தமிழ்வழியில் பயின்று வந்தவர்களுக்கு

இத்தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டுமே எழுத முடியும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த மாணவர்களுக்கு இது உண்மையான சுமை. அதைத் திறமைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கருத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, நண்பருக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். விளக்க முடிந்தால் புரிந்துவிட்டது என்று பொருள். அதன்பின் அதே கருத்துக்குச் சஜெஸ்டட் ஆன்சர்ஸில் வரும் ஆங்கில வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொரு நாளும் இரண்டு விடைகளைக் கைப்பட எழுதுங்கள். சட்டம், தணிக்கை இரண்டிலும் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் அதிகம் இல்லை. சில மாதங்களில் கை அவற்றைப் பழகிக்கொள்ளும். நீண்ட வாக்கியங்களில் இலக்கணம் தடுமாறினால் குறுகிய வாக்கியங்களில் எழுதுங்கள். அப்படி எழுதுவதற்காக மதிப்பெண் குறையாது, திருத்துபவர் தேடும் விதியும் முக்கியச் சொற்களும் தெளிவாகத் தெரிந்தால் போதும். இந்தப் பயிற்சியை மூன்றாம் மாதத்துக்கு ஒத்திப்போடாமல் முதல் வாரத்திலேயே தொடங்கும்படி குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றரை நாள் குறிப்பும் தவறுக் குறிப்பேடும்

தேர்வு அட்டவணையில் தாள்களுக்கிடையே பெரும்பாலும் ஒரு நாள் இடைவெளிதான் இருக்கும். ஒரு தாளை மாலை 5 மணிக்கு எழுதி முடித்துவிட்டு, அடுத்த தாளுக்கான முழுப் பாடத்தையும் ஏறத்தாழ ஒன்றரை நாளில் திருப்ப வேண்டும். எனவே நீங்கள் தயாரிக்கும் சுருக்கக் குறிப்பு அந்த நேரத்துக்குள் முடியக்கூடிய அளவில் இருக்க வேண்டும். 400 பக்கச் சுருக்கம் சுருக்கமே அல்ல. தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு சனி மதியம் தொடங்கி ஞாயிறு இரவுக்குள் ஒரு தாளின் குறிப்பு முழுவதையும் திருப்ப முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள். முடியாவிட்டால், நன்றாகத் தெரிந்தவற்றை அதிலிருந்து நீக்குங்கள்.

இதோடு ஒவ்வொரு தாளுக்கும் ஒரு தவறுக் குறிப்பேடு தேவை. கணக்கு எண்ணை மட்டும் குறித்து வைப்பதில் பயனில்லை. தவறு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். விதி தெரியாததா, விதி தெரிந்தும் கேள்வியில் இருந்த ஒரு தேதியைக் கவனிக்காததா, கூட்டலில் பிழையா, நேரம் போதாததா என்று பிரித்துப் பார்த்தால், இரண்டு வாரத்தில் உங்கள் மதிப்பெண் எங்கே கசிகிறது என்பது தெரிந்துவிடும். விதி தெரியாதவர் நூலுக்குத் திரும்ப வேண்டும். தேதியைக் கவனிக்காதவர் இன்னும் நூறு பக்கம் படித்தாலும் பயன் இல்லை, அவர் கேள்வியை அடிக்கோடிட்டு நிதானமாகப் படிக்கப் பழக வேண்டும். படிக்கும் முறையை மாற்றுவதானால் இந்தக் குறிப்பேட்டைப் பார்த்து மாற்றுங்கள், அடுத்தவர் அட்டவணையைப் பார்த்து மாற்றாதீர்கள்.

மாக் டெஸ்ட்டை உண்மைத் தேர்வாக எழுதுங்கள்

இன்டர்மீடியட் தேர்வு மதியம் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிகிறது. அதற்கு முன் 15 நிமிடம் வினாத்தாளைப் படிக்கத் தரப்படுகிறது. சாப்பாட்டுக்குப்பின் கண் சொருகும் இந்த நேரத்தில் மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத உடல் பழக வேண்டும் என்பதால், மாக் டெஸ்ட்டுகளை அதே நேரத்தில் எழுதுங்கள். 180 நிமிடத்தில் 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம், 14 மதிப்பெண் கேள்விக்கு 25 நிமிடம். 25 நிமிடம் முடிந்ததும் பேலன்ஸ் ஷீட் பொருந்தாவிட்டாலும் அடுத்த கேள்விக்கு நகரும் ஒழுக்கத்தை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் குறைந்தது இரண்டு முழு மாக் டெஸ்ட், அவற்றில் ஒன்றையாவது வேறொருவர் திருத்துவது என்பது நல்ல அளவு. திருத்த ஆள் கிடைக்காதவர்கள், ஒரு நாள் இடைவெளி விட்டுத் தம் விடையைச் சஜெஸ்டட் ஆன்சருடன் வரிவரியாக ஒப்பிட்டு, தாராளம் காட்டாமல் மதிப்பெண் போட வேண்டும்.

முடிவுகள் வந்து எதிர்பார்த்த தாள் கைவிட்டுப்போயிருந்தால், அடுத்த அமர்வுக்கு உடனே புதிய வகுப்பில் பணம் கட்டாதீர்கள். மதிப்பிடப்பட்ட விடைத்தாளின் சான்றிட்ட நகலைக் கழகத்திடம் விண்ணப்பித்துப் பெறலாம். அதற்கான காலக்கெடு குறுகியது என்பதால் முடிவு வந்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். நகல் வந்ததும், மதிப்பெண் இழந்த ஒவ்வோர் இடத்தையும் தவறுக் குறிப்பேட்டின் வகைகளில் பதிந்து, அந்த எண்ணிக்கையைப் பார்த்தபின் எந்தத் தாளுக்கு எந்த முறையை மாற்றுவது என்று முடிவெடுங்கள்.